பால் சேர்க்காத பழ ஸ்மூத்தி

பழத்தைச் சாறாகப் பிழியாமல் சதையும் நாருமாக அப்படியே அரைத்து, தேங்காய், வேர்க்கடலை, முந்திரி போன்ற ஒன்றிலிருந்து எடுத்த பாலில் கலந்து, தம்ளரைச் சாய்த்தால் மெதுவாக வழியும் பதத்தில் குடிப்பது தாவர ஸ்மூத்தி. பழச்சாற்றில் சக்கை வடிகட்டியோடு குப்பைக்குப் போய்விடும். இதில் அது தம்ளரிலேயே இருக்கும். மில்க்‌ஷேக்கில் மாட்டுப் பாலும் ஐஸ்கிரீமும் சர்க்கரையும் சேரும். இதில் முதல் இரண்டும் கிடையாது, மூன்றாவதும் பெரும்பாலும் வேண்டியிருக்காது. தேன் தேனீயிடமிருந்து வருவதால், முழுக்கத் தாவர உணவு உண்போர் அதையும் தவிர்ப்பார்கள்.

பெயர் புதிது என்றாலும் செய்முறை தமிழ்நாட்டு அடுக்களைக்குப் பழகியதுதான். மதுரைத் தெருக்களில் விற்கும் பருத்திப்பால், பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சியது. ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிவதும், கைக்குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்துப் பாலெடுத்துக் காய்ச்சுவதும் அதே வேலைதான். ஊறவைத்தல், அரைத்தல், பிழிதல் என்ற இந்த மூன்றும் தெரிந்த வீட்டில் புதிதாகச் சேர்வது பழம் மட்டுமே.

இந்த வட்டாரத்துக்கு ஏற்ற முறை

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் சமையலின் நேரத்தைத் தீர்மானிப்பது ஷிப்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. இவற்றைச் சுற்றி உதிரிபாக ஆலைகளும் மின்னணு ஆலைகளும் பெருகின. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் தமிழக அரசு திறந்தது. மாத்தூர், படப்பை, சுங்குவார்சத்திரம் பக்கம் வாடகை அறைகளில் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வாழ்வோர் ஏராளம். விடியற்காலை கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவருக்கு இட்லி ஊற்றி எடுக்க நேரமில்லை. இரவு ஷிப்டு முடித்து வருபவருக்குப் பசியிருக்கும், ஆனால் அடுப்பின் முன் நிற்கத் தெம்பிருக்காது. தம்ளரில் வயிறு நிறையக் கிடைக்கும் ஒன்று இந்த இரண்டு வேளையிலும் உதவும்.

ஆனால் வெளிநாட்டுச் செய்முறைகளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அவை உறைந்த பெர்ரிப் பழங்களையும், பாக்கெட் பாதாம் பாலையும், பெரிய ஃபிரீசரையும் நம்பியிருப்பவை. ஒற்றை அறை வீட்டில் ஒரு கேஸ் அடுப்பும் ஒரு மிக்ஸியும் இருக்கும். ஃபிரிட்ஜ் இருக்கும் என்று சொல்ல முடியாது. மிக்ஸிக்குப் பஞ்சமில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் அதை ஏழை வீடுகளுக்கும் கொண்டுசேர்த்தது. எனவே இந்த அத்தியாயத்தின் முறைகள் ஐஸும் ஃபிரீசரும் இல்லாமலே பதம் வரும்படி அமைந்தவை.

பாக்கெட்டில் விற்கும் பாதாம் பானத்தின் பின்புற அச்சைப் படித்துப் பார்ப்பது நல்லது. பெரும்பாலானவற்றில் பாதாம் மிகச் சொற்பம். மீதி தண்ணீரும் கெட்டிப்படுத்தும் பொருளும், பல வகைகளில் சர்க்கரையும். அந்த விலைக்குக் கால் கிலோவுக்கு மேல் வேர்க்கடலை கிடைக்கும். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் விளையும் பயிர் அது. இந்த வட்டாரத்து ஸ்மூத்திக்கு வேர்க்கடலைப் பாலே முதல் தேர்வு.

வேர்க்கடலைப் பால்

வறுக்காத பச்சை வேர்க்கடலை 100 கிராம், நான்கு தம்ளர் ஸ்மூத்திக்குப் போதும். முதல் வேலை பொறுக்குவது. சுருங்கியது, நிறம் கறுத்தது, பூசணம் பூத்தது, மென்றால் கசப்பது ஆகிய அனைத்தையும் எறிந்துவிட வேண்டும். ஈரம் பட்டு இருப்பு வைத்த கடலையில் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுப்பது. வீட்டு அடுப்பில் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் முழுக்கப் போகாது. பொறுக்குவதைத் தவிர வேறு தற்காப்பு இல்லை என்பதால் இதில் சோம்பல் கூடாது.

பொறுக்கிய கடலையைக் கழுவி, மூழ்கும்படி இரு மடங்கு தண்ணீர் ஊற்றி ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஊறப்போட்டால் திரும்பி வரும்போது தயாராக இருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் எட்டு மணி நேரம் அதிகம். தண்ணீர் நுரைத்துப் புளித்த வாடை அடிக்கத் தொடங்கும். அந்த மாதங்களில் இரவில் ஊறப்போடுவதே உசிதம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் கடலையை உள்ளங்கைகளுக்கு இடையே தேய்த்தால் சிவந்த தோல் கழன்று மேலே மிதக்கும். அதைச் சாய்த்து வடிக்க வேண்டும். பாலின் துவர்ப்பும் பழுப்பு நிறமும் அந்தத் தோலிலிருந்து வருபவை. நான்கில் ஒரு பங்கு தோல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் குற்றமில்லை.

அரைக்கும்போது எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றக் கூடாது. முதலில் கால் தம்ளர் மட்டும் விட்டுச் சட்னிபோல் மைய அரைத்து, பிறகு சிறிது சிறிதாக அரை லிட்டர் வரை சேர்த்து ஓட்ட வேண்டும். நிறையத் தண்ணீரில் கடலை பிளேடுக்குச் சிக்காமல் சுற்றிச் சுற்றி ஓடும். பால் நீர்த்துப் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். துவைத்த மெல்லிய வேட்டித் துணியில் ஊற்றி முறுக்கிப் பிழிந்தால் வெண்மையான பால் இறங்கும். மிஞ்சும் சக்கை வீணல்ல. அடை மாவிலோ சட்னியிலோ பொரியலிலோ அன்றைக்கே சேர்த்துவிடலாம்.

இந்தப் பாலைக் காய்ச்சியே ஆக வேண்டும். நடுத்தரத் தீயில் அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால், கொதி வரும் நேரத்தில் மாட்டுப் பாலைவிட வேகமாகப் பொங்கும். பாத்திரத்தில் பாதியளவே ஊற்றியிருக்க வேண்டும். பொங்கியதும் தீயைக் குறைத்து ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டால் பச்சை வாடை ஆவியோடு போய்விடும். வேர்க்கடலைப் பாலைப் பலர் ஒருமுறை செய்துவிட்டுக் கைவிடுவது இந்த வாடையால்தான். ஆனால் இது கைவிட வேண்டிய பொருளல்ல. மைசூரில் 1950-இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம், வேர்க்கடலைப் புரதத்தை மாட்டுப் பாலோடு கலந்து மில்டோன் என்ற பானத்தை உருவாக்கியது. பால் தட்டுப்பாட்டுக்கு விடையாக அவர்கள் தேடிப்பிடித்த பொருளும் இதே கடலைதான். ஆறிய பாலில் ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டால் மிச்ச வாடையும் தெரியாது.

நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் உண்டு. அதில் கணிசமான பகுதி பாலில் இறங்குகிறது. தாவரப் பால்களில் புரதத்துக்காகக் குடிக்கத் தகுந்தவற்றில் முக்கியமானவை இதுவும் சோயாப் பாலும். சோயாவை நன்றாக வேகவைக்காவிட்டால் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் தங்கிவிடும். அதன் வாடையும் கூடுதல். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர் வீட்டிலோ அறையிலோ இருந்தால் இந்தப் பாலை அறவே விட்டுவிட்டுத் தேங்காய்க்கு மாறிவிட வேண்டும்; ஜாரில் ஒட்டிய மிச்சம்கூட அவர்களுக்கு ஆபத்து.

மற்றப் பால்கள்

தேங்காய்ப்பால் மிக விரைவில் கிடைப்பது. துருவலில் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் முதல் பால்; மறுபடி நீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால். ஸ்மூத்திக்கு இரண்டாம் பாலும், மணத்துக்கு இரண்டு கரண்டி முதல் பாலும் போதும். முதல் பாலையே முழுக்க ஊற்றி நன்றாகக் குளிரவைத்தால், ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே கட்டியாகும் தேங்காய்க் கொழுப்பு சிறு துணுக்குகளாகப் பிரிந்து நாக்கில் மெழுகுபோல் ஒட்டும். புரதமும் இதில் குறைவு. சுவைக்குத் தேங்காய், பசிக்குக் கடலை என்று வைத்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகை மிஞ்ச வேறு தானியம் இல்லை. நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. பசும்பாலை விடுபவர்கள் இழக்கும் முதல் சத்து இதுவே. எனவே தாவர ஸ்மூத்தியை அன்றாடம் குடிப்பவர்கள் கேழ்வரகை எப்படியாவது உள்ளே கொண்டுவர வேண்டும். இரண்டு தேக்கரண்டி மாவை ஒரு தம்ளர் நீரில் கட்டியில்லாமல் கரைத்து, பளபளப்பு வரும்வரை காய்ச்சி ஆறவைத்தால் போதும். பச்சை மாவை நேராக மிக்ஸியில் போட்டால் மாவு வாடையும் வயிற்றுப் பொருமலும்தான் மிஞ்சும்.

முந்திரி ஊற இரண்டு மணி நேரம் போதும், வடிகட்டவும் வேண்டாம், ஒரு தம்ளருக்கு ஐந்தாறு பருப்பே கெட்டிப்பதம் தரும். விலைதான் தடை.

ஊறவைக்கவும் காய்ச்சவும் நேரமில்லாதவர்களுக்கு ஒரு வழியைப் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இந்த ஆலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களிடமே பார்க்கலாம். வறுத்த கொண்டைக்கடலை மாவான சத்துவைத் தண்ணீரில் கரைத்து, உப்போ வெல்லமோ போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போவது அவர்கள் ஊர் வழக்கம். நம் கடைகளில் கிடைக்கும் பொட்டுக்கடலையைப் பொடித்து வைத்துக்கொண்டால் அதுவே இங்கே சத்து மாவு. இரண்டு மேசைக்கரண்டிப் பொடி, ஒரு வாழைப்பழம், ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு: பால் என்ற ஒன்றே இல்லாமல் ஸ்மூத்தி வந்துவிடும். மிக்ஸியை அனுமதிக்காத விடுதியில் பழத்தைக் கரண்டியால் மசித்து, பொடியைத் தூவி, மூடியுள்ள பாட்டிலில் போட்டுக் குலுக்கிக்கொள்ளலாம்.

பழம் தெரிவு

ஆண்டு முழுதும் கிடைத்து, பானத்துக்கு உடலும் தருவது வாழை. தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்தில் மாவுச்சத்து பெரும்பாலும் சர்க்கரையாகியிருக்கும். வேறு இனிப்பு தேவைப்படாது. பச்சை வாழைப்பழம் என்று விற்கும் மோரிஸ் பதமாக மசியும். பூவனில் மெல்லிய புளிப்பு உண்டு. மாம்பழத்தோடு நன்றாகச் சேரும். கற்பூரவல்லி மிகவும் இனிப்பு, பாதிப் பழமே போதும்.

மாம்பழத்துக்குப் பருவம் ஏப்ரல் முதல் ஜூன் முடிய. சாறு மிகுந்த நார்ப்பழத்தைவிடச் சதைப்பற்றான பங்கனப்பள்ளியே அரைக்க ஏற்றது. பழங்களைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. எத்திலின் வாயுவுக்கு மட்டும் கட்டுப்பாட்டுடன் அனுமதி உண்டு. வெளியே ஒரே சீராக மஞ்சள் பூத்து, காம்புப் பக்கம் மணமே இல்லாமல், அறுத்தால் உள்ளே வெளுத்துக் கடினமாக இருக்கும் பழத்தைச் சந்தேகப்படலாம். கோயம்பேட்டிலிருந்து வரும் பழம் ஒரகடம் கூட்டுரோட்டுத் தள்ளுவண்டியில் வெயிலில் நின்றிருக்கும். மாலையில் விலை இறங்கும்போது வாங்குவதில் தவறில்லை. அழுத்தினால் நீர் கசியும் பழத்தை மட்டும் எடுக்க வேண்டாம்.

சப்போட்டா வேர்க்கடலைப் பாலுக்கு மிகப் பொருத்தம். கொட்டையை எடுக்க மறக்கக் கூடாது. கொய்யாவைத் தனியாக நீர் விட்டு அரைத்து வடிகட்டிய பிறகே கலக்க வேண்டும். விதையைப் பால் சேர்த்து அரைத்தால் மணல் கடிப்பதுபோல் இருக்கும். சீத்தாப்பழத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அதன் விதைப் பருப்பு நச்சுத்தன்மை உடையது. ஒரு விதைகூட மிக்ஸிக்குள் போகக் கூடாது. சதையைச் சல்லடையில் கையால் தேய்த்து எடுப்பதே பாதுகாப்பு.

அன்னாசியும் பப்பாளியும் தனி ரகம். அன்னாசியிலும் அவ்வளவாகப் பழுக்காத பப்பாளியிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. கடலைப் பாலோடு அரைத்துக் கால் மணி நேரம் வைத்தால் கசப்பு தட்டும். அன்னாசித் துண்டுகளை ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும். இல்லையென்றால் புரதம் குறைந்த தேங்காய்ப்பாலில் அரைத்து உடனே குடித்துவிடலாம். பழுத்த பப்பாளி ஸ்மூத்தி நேரம் ஆக ஆகத் தானே அல்வாப் பதத்துக்கு உறையும். கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம், கலக்கினால் இளகிவிடும். புளிப்பான பழம் கடலைப் பாலைத் திரியவைக்கும். எனவே எலுமிச்சை, புளிப்பு திராட்சை, நாவல் ஆகியவற்றை வாழைப்பழத்தோடு முதலில் அரைத்து, பாலைக் கடைசியில் சேர்த்து ஒரே சுற்றில் நிறுத்த வேண்டும்.

தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு நீர். அதைப் பாலில் சேர்த்தால் பாலும் கெடும், பழமும் கெடும். கோடையில் தோல் உரித்த நுங்கு இரண்டு மூன்றோடு, துளி உப்பு போட்டு அரைத்தால் நுங்கே அதற்குக் கெட்டித்தன்மை தரும்.

அரைப்பு

ஒரு தம்ளருக்கு ஒரு கப் பழத் துண்டுகளும் முக்கால் கப் பாலும் சரியான தொடக்கம். பாலில் பாதியை முதலில் ஊற்றி, மென்மையான பழத்தை அடியிலும் கடினமானதை மேலேயும் போட வேண்டும். ஜாரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. திருகியை முதலில் இடப்பக்கம் விட்டுவிட்டுத் திருப்பி நான்கைந்து முறை வெட்டவிட்டு, பிறகு முதல் வேகத்தில் அரை நிமிடம், இரண்டாம் வேகத்தில் அரை நிமிடம் ஓட்டினால் போதும். பிளேடு காற்றில் சுழல்வதுபோல் ஓசை திடீரென்று மெலிந்து கூர்மையானால், நடுவில் காற்றுக் குழி விழுந்திருக்கிறது என்று பொருள். நிறுத்தி, கரண்டியால் கிளறி, சிறிது பால் விட வேண்டும். நீண்ட நேரம் ஓட்டினால் பானம் சூடாகும், நுரை கட்டும், நிறமும் கறுக்கும். மோட்டார் நின்றுவிட்டால் ஜாரை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, அடியிலுள்ள சிவப்புப் பொத்தானைச் சில நிமிடம் கழித்து அழுத்தினால் பெரும்பாலும் திரும்ப ஓடும். சூடான பாலை மூடிய ஜாரில் ஒருபோதும் அடிக்கக் கூடாது. ஆவி மூடியைத் தூக்கி எறியும்.

ஐஸ் இல்லாமல் குளுமை வேண்டுமென்றால், பழத்தைத் தோலோடு மண்பானைத் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு வைக்கலாம்.

சில சேர்க்கைகள்

காலை ஷிப்டுக்கு முன்: ஒரு வாழைப்பழம், அரைத் தம்ளர் வேர்க்கடலைப் பால், கால் தம்ளர் ஆறிய கேழ்வரகுக் கஞ்சி, ஒரு பேரீச்சம்பழம், சிட்டிகை உப்பு. இதன் சுவை உப்பில்தான். அது இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும். இந்தத் தம்ளர் மதியம் வரை பசி தாங்கும்.

மாம்பழத்துக்குத் தேங்காய் இரண்டாம் பால், ஒரு ஏலக்காய், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. சப்போட்டாவுக்குக் கடலைப் பாலும் சிறிது சுக்குத்தூளும். வெந்த அன்னாசிக்குத் தேங்காய்ப்பாலும் பாதி வாழைப்பழமும். இரவு ஷிப்டு முடித்து உறங்கப் போகிறவர்கள் கடலையைக் குறைத்து, பழுத்த பப்பாளியும் தேங்காய்ப்பாலுமாக ஒரு சிறு தம்ளரோடு நிறுத்திக்கொண்டால் வயிறு கனக்காமல் தூக்கம் வரும்.

இனிப்பும் உடல்நிலையும்

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவானாலும் உடலுக்குச் சர்க்கரையே. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சேர்க்கும் சர்க்கரையோடு தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றிலுள்ளதையும் ஒரே கணக்கில் சேர்த்தது. நாளுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றது. அரைத்த பழம் முழுப் பழத்தைவிட வேகமாக உள்ளே போகும். நான்கு வாழைப்பழத்தை உட்கார்ந்து தின்னத் தயங்குபவர் இரண்டு தம்ளரில் குடித்துவிடுவார். நீரிழிவு உள்ளவர்கள் ஒரு சிறு பழத்துக்கு மேல் போடாமல், கடலைப் பாலையோ பொட்டுக்கடலை மாவையோ கூட்டிக்கொள்ள வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்கு வாழையிலும் தேங்காயிலும் உள்ள பொட்டாசியம் பகையாகலாம். மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். முழுக்கத் தாவர உணவுக்கு மாறியவர்களுக்கு எந்த ஸ்மூத்தியாலும் ஈடுசெய்ய முடியாத ஒன்று பி12 வைட்டமின். அதற்கு மாத்திரையோ அந்தச் சத்து சேர்த்த உணவோதான் வழி.

தூய்மையும் சேமிப்பும்

2021 டிசம்பரில் இந்த வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்கள் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். கூட்டமாக வாழுமிடத்தில் ஒரு பாத்திரத்தின் அழுக்கு எத்தனை பேரைச் சாய்க்கும் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. ஸ்மூத்தி அடுப்பேறாத உணவு. அதில் கிருமி புகுந்தால் கொல்ல எதுவும் இல்லை. ஆகவே கலக்கும் தண்ணீர் கொதித்து ஆறியதாகவோ நம்பகமான கேன் தண்ணீராகவோ இருக்க வேண்டும். பழத்தை அறுப்பதற்கு முன் தோலோடு கழுவ வேண்டும். தர்பூசணிக்கும் இது பொருந்தும், கத்தி தோலின் அழுக்கைச் சதைக்குள் இழுத்துச் செல்லும்.

அரைத்ததை அப்போதே குடித்துவிடுவதே முறை. வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது; கோடையில் அதையும் ஒரு மணி நேரமாகக் குறைக்க வேண்டும். பையில் போட்டுப் பஸ்ஸில் எடுத்துச்செல்ல இது ஏற்றதல்ல. கொண்டுபோக வேண்டுமென்றால் பொட்டுக்கடலைப் பொடியைத் தனியாகவும் வாழைப்பழத்தைத் தோலோடும் கொண்டுபோய் இடைவேளையில் கலந்துகொள்ளலாம். காய்ச்சிய வேர்க்கடலைப் பால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் நிற்கும். மேலே தெளிந்து அடியில் படிவது இயல்பு, குலுக்கினால் சேரும். கொழகொழப்போ புளித்த வாடையோ இருந்தால் கொட்டிவிட வேண்டும். தேங்காய்ப்பாலை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

ஜாரைக் கவிழ்த்தவுடன் பாதியளவு தண்ணீரும் ஒரு சொட்டுச் சோப்பும் விட்டுச் சில விநாடி ஓட்டினால் பிளேடு சுத்தமாகும். பிறகு மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் பள்ளத்தில் நேற்றைய பழத்தின் மஞ்சள் கோடு ஒன்று ஒட்டியிருக்கும். பானம் காரணமில்லாமல் புளிப்பதற்குப் பல வீடுகளில் இதுவே மூலம். பழைய பல் துலக்கும் பிரஷால் அதைத் தேய்த்து, வாஷரையும் ஜாரையும் தனித்தனியே கவிழ்த்து, ஈரம் காய்ந்த பிறகே மீண்டும் பூட்ட வேண்டும்.